கப்பலுக்கு ரேசர், பிளேடு எடுத்துப்போவது எப்படி? வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சுற்றுலாக் கப்பல் பயணத்துக்குப் பெட்டி கட்டுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ரேசர், பிளேடு, நகவெட்டி, குட்டிக் கத்தரி. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

அண்ணாநகர் வாசகர்: சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் என்று நான்கு இரவு கப்பல். முப்பது வருடமாக இரட்டை முனை பிளேடு போடும் ஸ்டீல் ரேசர்தான் பழக்கம். கப்பலில் விடுவார்களா?

கப்பலில் விடுவார்கள். உங்களைத் தடுக்கப்போவது விமான நிலையம்தான். கடிதம் எழுதிய பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு கப்பலுக்குப் பயப்படுகிறார்கள்.

கப்பல் கம்பெனிகளின் தடைப் பட்டியலில் கத்தி, நீளமான கத்தரி, இஸ்திரிப்பெட்டி, கெட்டில் எல்லாம் இருக்கும். முகம் மழிக்கும் சாதாரண ரேசரைச் சொந்த உபயோகப் பொருள் என்று விட்டுவிடுவார்கள். கத்தரிக்குப் பல கம்பெனிகள் வைத்திருக்கும் எல்லை 4 அங்குலம்; வெட்டும் பாகம் அதற்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. உங்கள் கம்பெனியின் பட்டியலை டிக்கெட்டோடு வரும் தாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விமானத்தில் கணக்கு வேறு. அங்கே ரேசரும் பிளேடும் இரண்டு தனிப் பொருள்கள். உறையில்லாமல் கழற்றிப் போடும் பிளேடு, அது மெழுகுத்தாளில் சுற்றிப் பாக்கெட்டில் இருந்தாலும், கைப்பையில் போகாது. பெரிய பெட்டியில், அதாவது கவுன்டரில் எடைபோட்டுக் கொடுக்கும் பெட்டியில், தாராளமாகப் போகும். பிளேடு இல்லாத வெறும் ரேசர் கைப்பையில் வந்தாலும் பொதுவாக விடுவார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் தலைப்பகுதி கறுப்பாகத் தெரியும். உள்ளே பிளேடு இருக்கிறதா என்று பையைத் திறக்கச் சொல்வார்கள். அந்தத் தாமதம் எதற்கு? ரேசரையும் பிளேடையும் சேர்த்தே பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

போடும்போது இரண்டு விஷயம். ஒன்று, ரேசர் தலைக்குள் பிளேடை மாட்டி வைத்தபடியே பெட்டியில் போடாதீர்கள். கைப்பிடியின் அடியைத் திருகினால் இரண்டு கதவு போல் விரியும் வகை ரேசர் இருக்கிறதே, அது பெட்டிக்குள் அழுத்தம் பட்டுத் தானே நெகிழும். பிளேடு நழுவி வெளியே வந்து துணியைக் கிழிக்கும். அதைவிட, பெட்டியைச் சோதிக்கக் கைவிடும் ஊழியரின் விரலைக் கிழிக்கும். கழற்றிவிட்டு, கதவை மூடி, அடித்திருகில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றுங்கள். மூன்று துண்டாகப் பிரியும் ரேசர் என்றால் வெறுமனே இறுக்கி வைத்தால் போதும்.

இரண்டாவது, பிளேடை அதன் சொந்த பாக்கெட்டிலேயே, அந்த பாக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டிக்குள் வையுங்கள். அட்டைப் பாக்கெட் நசுங்கும், சோப்புப் பெட்டி நசுங்காது. பர்ஸுக்குள், டிக்கெட் கவருக்குள் ஒற்றை பிளேடு செருகி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒரு பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான், அங்கே இருப்பதே மறந்துபோய்க் கைப்பையோடு சோதனைக்கு வரும். மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

தூத்துக்குடி வாசகர்: விமானமே இல்லை. சென்னைத் துறைமுகத்திலேயே கப்பல் ஏறுகிறோம். அப்படியானால்?

மேலே சொன்னதில் விமானப் பகுதியை அழித்துவிடுங்கள். கப்பல் பட்டியல் ஒன்றுதான் உங்களுக்கு. ஆனாலும் பெட்டியும் பையும் முனையத்தில் எக்ஸ்ரே வழியாகத்தான் போகும். நடுவில் கரையிறங்கும் ஒவ்வொரு ஊரிலும் திரும்பி ஏறும்போது மறுபடியும் சோதனை. ஊரில் அழகாக இருக்கிறது என்று வாங்கிய அலங்காரக் கத்தியைத்தான் அங்கே பிடிப்பார்கள். எழுதி வாங்கி வைத்துக்கொண்டு பயணத்தின் கடைசி நாளில் தருவது வழக்கம். ரேசர் பிளேடு பாக்கெட் வாங்கி வந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பல்லாவரம் வாசகர்: மலிவு டிக்கெட். 7 கிலோ கைப்பை மட்டும்தான், பெரிய பெட்டியே கிடையாது. என்ன எடுத்துப்போவது?

கார்ட்ரிட்ஜ் ரேசர். இரண்டு, மூன்று பிளேடு பிளாஸ்டிக் உறைக்குள் பதிந்து, கையால் கழற்றி எடுக்க முடியாத வகை. இது கைப்பையில் போகும். தூக்கி எறியும் ரேசரும் அப்படியே. ஸ்டீல் ரேசர் இல்லாமல் முடியாது என்றால் பிளேடு இல்லாமல் ரேசரை மட்டும் எடுத்துப்போய், சிங்கப்பூரில் இறங்கியதும் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது மிச்சத்தை விட்டுவிட வேண்டும். நான்கு இரவுக்காக இந்தப் பாடா? எங்கள் யோசனை கார்ட்ரிட்ஜ்தான்.

கிரீம் விஷயத்திலும் கவனம் வேண்டும். கைப்பையில் போகும் குழம்பு, ஜெல், நுரை எதுவானாலும் பாத்திரத்தின் கொள்ளளவு 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். 200 மில்லி டப்பாவில் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது 20 மில்லிதான் என்று வாதாடிப் பயனில்லை. டப்பாவில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு: கட்டிச் சவர சோப்பு. அது திடப்பொருள், திரவக் கணக்கில் வராது, கசியாது, வெடிக்காது. பிரஷ்ஷை நனைத்து அதன்மேல் அரை நிமிடம் சுற்றினால் நுரை தயார்.

பெரிய பெட்டி இருக்கிறவர்களுக்கு: அழுத்தினால் நுரை வரும் டின் அதில் போகலாம். ஒரு டின் 500 மில்லிக்கு மேல் கூடாது; சென்ட், டியோடரன்ட், ஆஃப்டர்ஷேவ் எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 2 லிட்டர். மூடி கட்டாயம் இருக்க வேண்டும். மூடி தொலைந்த டின் பெட்டிக்குள் அழுந்தினால், கப்பலில் போய்த் திறக்கும்போது வேட்டி சட்டையெல்லாம் நுரை.

மதுரை வாசகர்: சலூன் மாதிரி மடக்குக் கத்தியில்தான் மழிப்பேன். பாதி பிளேடு செருகும் வகை.

விட்டுவிட்டுப் போங்கள். சவரக் கத்தி சில கம்பெனிகளின் தடைப் பட்டியலில் இருக்கிறது; இல்லாத இடத்திலும் மடக்குக் கத்தி போலத் தெரிவதால் பெட்டி நிறுத்தப்படும். பெட்டி நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்றால், மற்றவர்கள் பெட்டியெல்லாம் மாலைக்குள் அறைக் கதவுக்கு வந்துவிடும், உங்களுடையது மட்டும் வராது. கூப்பிட்டு அனுப்புவார்கள், பாதுகாப்பு ஊழியர் முன்னால் வரிசையில் நின்று, பெட்டியைத் திறந்து காட்டி, பொருளைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஆடும் தரையில் திறந்த கத்தியைத் தொண்டையில் வைப்பது வேறு.

ஈரோடு வாசகர்: ஏழு இரவுக்கு எத்தனை பிளேடு, எவ்வளவு கிரீம் வேண்டும்? எதுவும் தீர்ந்துபோனால் நடுக்கடலில் என்ன செய்வது?

நல்ல இரட்டை முனை பிளேடு ஒன்று நான்கு முதல் ஆறு முறை வரும். அடர்ந்த தாடி என்றால் மூன்று. ஏழு நாளுக்கு இரண்டு போதும், மூன்று எடுத்தால் நிம்மதி. 5 பிளேடு உள்ள ஒரு சின்ன பாக்கெட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜ் என்றால் கைப்பிடியில் ஒன்று, மாற்றுக்கு ஒன்று. 30 கிராம் டியூப் கிரீம் ஒரு வாரத்துக்குத் தாராளம்: ஒரு தடவைக்கு ஒரு பாதாம் பருப்பு அளவு, சுமார் ஒரு கிராம்.

கப்பலில் அதுவும் கூடச் செலவாகாது. கப்பல் தண்ணீர் பெரும்பாலும் கடல் நீரைக் காய்ச்சி வடித்தோ, சவ்வு வழியே அழுத்திப் பிரித்தோ எடுப்பது. பிறகு கொஞ்சம் தாது சேர்த்தாலும் நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் போல உப்பு, சுண்ணாம்பு ஏறியிருக்காது. போரிங் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக வருவது சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து படிவதால்தான். மென்னீரில் அந்தத் தொல்லை இல்லை. பாதி அளவு கிரீமிலேயே முகம் முழுக்க நுரை நிற்கும். முதல் நாள் வழக்கம்போலப் பிதுக்கினால் நுரை தடித்துப் பாலாடை போல ஆகி, ரேசர் இடுக்கை அடைத்துக்கொள்ளும். அப்போது கிரீமைக் கூட்டாமல் தண்ணீரைக் கூட்டுங்கள். கழுவிய பிறகும் முகம் வழவழ என்றே இருக்கும்; அது சோப்பு மிச்சம் இல்லை, மென்னீரின் குணம். கழுவிக்கொண்டே இருக்காதீர்கள்.

தீர்ந்துபோனால் கப்பல் கடையில் தூக்கி எறியும் ரேசர் இருக்கும். விலை கரையைவிடக் கூடுதல். கப்பல் சலூனில் சூடான துண்டு போட்டு மழித்துவிடுவார்கள். பட்டியலில் உள்ள விலைக்கு மேல் சேவைக் கட்டணம் தனியாக ஏறும் என்பதை உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சி வாசகி: கணவருக்கு டிரிம்மர், மகனுக்கு எலக்ட்ரிக் ஷேவர். அறையில் பிளக் பாயின்ட் எப்படி இருக்கும்? நான்கு பேருக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துவரலாமா?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். மின்னழுத்தம் திடீரென்று ஏறுவதைத் தடுக்கும் சர்ஜ் வகை பாக்ஸ் எந்தக் கப்பலிலும் ஆகாது. பல கம்பெனிகள் சாதாரண நீட்டிப்பு வயரையும் எடுத்துவிடுகின்றன. இது சும்மா கெடுபிடி இல்லை. வீட்டில் இரண்டு வயரில் ஒன்று நியூட்ரல், தரையோடு இணைந்தது. கப்பல் மின் அமைப்பில் பொதுவாக இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கும். தரையிணைப்பு வீட்டைப் போல இல்லை. வீட்டுக்காகச் செய்த சர்ஜ் பாக்ஸ் அந்த அமைப்பில் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கடலில் தீ என்றால் ஓட இடம் ஏது?

அறையின் மேஜைப் பக்கம் பெரும்பாலும் அமெரிக்கத் தட்டை முள் 110 வோல்ட் ஒன்றிரண்டு, ஐரோப்பிய இரட்டை உருண்டை முள் 220 வோல்ட் ஒன்றிரண்டு இருக்கும். புதிய கப்பல்களில் யூஎஸ்பி துளையும் உண்டு. நம் மூன்று முள் பிளக் எதிலும் நேராகப் போகாது. ஒரு சின்ன மாற்று பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் டிரிம்மர் சார்ஜரைக் கையில் எடுத்து அதில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் எங்கு வேண்டுமானாலும் செருகலாம். 220–240 மட்டும் என்றால் 110-ல் சரியாக ஏறாது. 220 துளையில்தான் போட வேண்டும்.

குளியலறைக் கண்ணாடி பக்கத்தில் ஷேவர் படம் போட்ட ஒரு துளை இருக்கும். அதன் பின்னால் தனியே பிரிக்கும் சின்ன மின்மாற்றி ஒன்று இருக்கிறது; ஈரக் கையோடு தொட்டாலும் ஷாக் அடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அது தாங்குவது 20, 30 வாட் அளவுக்குத்தான். ஷேவர், டிரிம்மர், மின்சாரப் பல் பிரஷ் போடலாம். முடி நேராக்கும் கருவியைச் செருகினால் துளை செத்துப்போகும். பிறகு ஷேவருக்கும் இருக்காது.

விமானப் பகுதிக்கு ஒரு வார்த்தை: டிரிம்மர் பெரிய பெட்டிக்குள் தானே ஓட ஆரம்பித்து, பெட்டி 'கிர்ர்' என்று துடிக்க, உரிமையாளரை அழைத்துவருவது அடிக்கடி நடப்பது. பொத்தானைச் சில நொடி அழுத்திப் பூட்டும் வசதி பல மாடல்களில் உண்டு. இல்லையென்றால் பொத்தான்மேல் ஒரு அட்டைத் துண்டு வைத்து டேப் ஒட்டுங்கள். கழற்றி வைத்திருக்கும் மாற்று லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான். பெரிய பெட்டியில் கூடாது.

காரைக்குடி வாசகர்: பயன்படுத்திய பிளேடை எங்கே போடுவது? வீட்டில் சுவர்ப் பொந்தில் போடுவோம்.

இதற்குத்தான் இந்த இதழில் நிறைய இடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தோம். கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

அறைக் குப்பைக் கூடையில் வெறும் பிளேடைப் போடக் கூடாது. ஹோட்டல் குப்பை போல அது லாரியில் கொட்டப்படுவதில்லை. கடலில் பிளாஸ்டிக் ஒரு துண்டுகூடக் கொட்டக் கூடாது என்பது மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தம். அதனால் சுற்றுலாக் கப்பலின் கீழ்த்தளத்தில் குப்பை அறை என்று ஒன்று வைத்து, ஊழியர்கள் கண்ணாடி, டின், தாள், பிளாஸ்டிக் என்று கையால் பிரிக்கிறார்கள். முதலில் உங்கள் அறையைத் துப்புரவு செய்கிறவர் பையை அமுக்கி எடுப்பார். அப்புறம் கீழே இன்னொருவர் கைவிட்டுத் துழாவுவார். திசுத்தாளில் சுற்றிப் போட்டாலும் பிளேடு அதை ஒரு நொடியில் அறுத்துக்கொண்டு வெளியே வரும்.

கழிப்பறையில் போடுவது அதைவிட மோசம். கப்பல் கழிப்பறை காற்றுறிஞ்சும் வகை. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் அளவுத் தண்ணீர்தான். குறுகிய குழாயில் பிளேடு குறுக்கே மாட்டினால், அதில் தாளும் முடியும் சிக்கி அடைத்துக்கொள்ளும். அந்த வரிசையில் உள்ள பல அறைகளுக்கும் சேர்த்து நிற்கும். மழித்த முடியையும் அங்கே கொட்ட வேண்டாம். திசுத்தாளில் துடைத்துக் கூடையில் போடுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. பல பிளேடு பாக்கெட்டுகளின் பின்பக்கம் ஒரு கீறல் போன்ற துளை இருக்கும். பழைய பிளேடை அதில் தள்ளினால் உள்ளே விழும், திரும்பி வராது. பலர் அதைக் கவனித்ததே இல்லை. உங்கள் பாக்கெட் அட்டை என்றால், மூடி இறுகும் ஒரு காலி மாத்திரை டப்பா, அதுவும் கெட்டிப் பிளாஸ்டிக்கில். பிளேடின் நீளம் 43 மில்லிமீட்டர், அகலம் 22. டப்பாவின் வாய் 22-க்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நெட்டுக்குத்தாக இறங்கும். 'பிளேடு' என்று மேலே எழுதி, மூடியை டேப்பால் சுற்றி, பெரிய பெட்டியிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கைப்பையோடு மட்டும் வருகிறவர்கள் அறை ஊழியரிடம் கூர்பொருள் டப்பா கேட்கலாம். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்காகக் கப்பலில் அது வைத்திருப்பார்கள். பிளேடும் அதில் போடலாம். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட் ஊசியும் அதில்தான், கூடையில் இல்லை.

இனி பிளேடு மாற்றும் நேரம். வாஷ்பேசினின் அடைப்பானை முதலில் மூடுங்கள். உள்ளே ஒரு கைத்துண்டை விரியுங்கள். அதன்மேல் வைத்துதான் ரேசரைத் திறக்க வேண்டும். கூரில்லாத இரண்டு குட்டை ஓரங்களைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கட்டும். மூன்று துண்டு ரேசரில் தலைமூடியைக் கவிழ்த்து, அதன் குமிழ்களில் பிளேடைப் பொருத்தி, மேலே தட்டை வைத்து, குட்டை ஓரங்களைப் பிடித்தபடியே கைப்பிடியை முறுக்குங்கள். இறுக்கிய பிறகு நேராகப் பார்த்தால் இரண்டு பக்கமும் கூர் ஒரே அளவு எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் துருத்தினால் அந்தப் பக்கம் வெட்டும், தளர்த்தி மறுபடி பொருத்துங்கள். தரையில் விழுந்த பிளேடை நகத்தால் நெம்பாதீர்கள். ஈரமான சோப்புத் துண்டை மேலே அழுத்தினால் ஒட்டிக்கொண்டு வரும்.

கும்பகோணம் வாசகி: அப்பாவுக்கு 72 வயது. இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கப்பல் ஆடும்போது மழித்துக்கொள்வது பற்றிப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். அப்பாவுக்கு எலக்ட்ரிக் ஷேவர் பழக்கிவிடுங்கள், பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே. புது ஷேவருக்கு முகம் பழக நாளாகும். கப்பலில் முதல் தடவை என்றால் எரிச்சல்தான் மிஞ்சும்.

ரேசர்தான் என்று பிடிவாதம் பிடித்தால், கப்பல் துறைமுகத்தில் கட்டி நிற்கும்போது மழிக்கட்டும். இரவே மழித்துக்கொள்வது இன்னொரு வழி. காலையில் நீச்சல் குளத்தின் குளோரின் நீர் புதிதாக மழித்த தோலில் எரிவதும் தவிரும். அறை எடுக்கும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் கேளுங்கள். ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்காருவது போல, அங்கே ஆட்டம் குறைவு. இடுப்பை வாஷ்பேசின் திண்டில் அணைத்துக்கொண்டு, ஒரு கை திண்டைப் பிடிக்க, விரல் அகலத்துக்கு மேல் போகாத குட்டை இழுப்பாக இழுக்க வேண்டும். கழுத்தின் குரல்வளைப் பகுதியைக் கடைசியில், கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்த பிறகு. குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். அதையும் அப்பாவுக்குக் காட்டிவிடுங்கள்.

வெட்டினால்: சுத்தமான துணியை வைத்து விடாமல் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். சின்னக் கீறலுக்குப் படிகாரக் கட்டி போதும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் கப்பல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பில் டாலரில் வரும். பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். மழிப்பதற்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

கோவை வாசகி: புருவம் திருத்தும் குட்டி ரேசர், நகக் கத்தரி, எம்பிராய்டரி கத்தரி, பழம் நறுக்கச் சின்னக் கத்தி. இதில் எது போகும்?

கத்தியைத் தவிர எல்லாம் கப்பலுக்குப் போகும். விமானத்தில் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். நகவெட்டி மட்டும் கைப்பையில் இருந்தால் பொதுவாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். புருவ ரேசரின் மூடி கழன்று தொலைவது சகஜம். பழைய பேனா மூடியைச் செருகுங்கள், அளவு பொருந்தும்.

பழக் கத்தி தேவையே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நறுக்கிய பழம் காலை முதல் இருக்கும். முழுப் பழம் வேண்டுமானால் அங்கேயே ஒரு தட்டும் கத்தியும் கேட்டு நறுக்கிக்கொள்ளலாம். மாங்காய் ஊறுகாயோடு கத்தியும் எடுத்துவருகிறவர்கள் ஊறுகாயோடு மட்டும் உள்ளே போகிறார்கள்.

சேலம் வாசகர்: அண்ணன், தம்பி இருவரும் ஒரே அறை. ஒரே ரேசரைப் பகிர்ந்துகொண்டால் என்ன?

கூடாது, கூடப்பிறந்தவராக இருந்தாலும். கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவு எல்லா மழிப்பிலும் உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். பிளேடு மாற்றினாலும் ரேசர் தலையில் ஒட்டியது போகாது. ஆளுக்கு ஒரு நிறத்தில் கைப்பிடி வாங்குங்கள். கப்பல் குளியலறை அலமாரி அவ்வளவு சிறியது, ஒரே மாதிரி இரண்டு இருந்தால் மாறிவிடும்.

நாகப்பட்டினம் வாசகர்: உப்புக் காற்றில் பிளேடு துருப்பிடிக்காதா? படிகாரம், பிரஷ் எல்லாம் எப்படி வைப்பது?

உங்கள் ஊரிலேயே உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இப்போதைய பிளேடுகள் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. ஒரு வாரத்தில் கெடாது. பழைய வகைக் கார்பன் எஃகு பிளேடு என்றால் ஒரே இரவில் செம்புள்ளி விழும். மழித்ததும் ஓடும் தண்ணீரில் அலசி, மூன்று நான்கு முறை உதறி, துண்டின்மேல் படுக்கவையுங்கள். பிளேடைத் துடைக்காதீர்கள்; கூரின்மேல் உள்ள மெல்லிய பூச்சு போய்விடும், துண்டும் அறுபடும். பால்கனியில் காயவைக்க வேண்டாம், உப்பு படியும்.

பெட்டி கட்டும்போது பலர் செய்யும் தப்பு, படிகாரத்தை ரேசரோடு ஒரே பையில் போடுவது. படிகாரத் தண்ணீர் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது. ஈரப் படிகாரம் ஒரு நாள் ஒட்டிக்கொண்டிருந்தாலே ரேசரின் நிக்கல் பளபளப்பில் வெள்ளைத் தழும்பு விழும், பிளேடு பாக்கெட்டுக்குள் ஈரம் இறங்கும். படிகாரம் தனி டப்பாவில். பயன்படுத்தியதும் ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்து ஈரம் போன பிறகு மூடுங்கள்.

பிரஷ், பன்றிமுடி என்றால் ஈரத்தோடு பைக்குள் போனால் இரண்டு நாளில் நாறும். செயற்கை நார் பிரஷ் அரைநாளில் காய்ந்துவிடும், பயணத்துக்கு அதுவே. ஒரு அகன்ற மாத்திரை டப்பாவின் அடியில் சூடான ஊசியால் ஆறு துளை போட்டால் நல்ல பிரஷ் டப்பா ஆகிவிடும். ஆஃப்டர்ஷேவ் கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. பிளாஸ்டிக் குப்பியில் முக்கால் அளவு ஊற்றி, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். விமானம் மேலே ஏறும்போது உள்ளே உள்ள காற்று விரிந்து மூடி வழியே கசிவது அப்போது குறையும்.

வேளச்சேரி வாசகர்: கடைசி நாள் காலை கப்பலிலிருந்து இறங்கி, மதியமே விமானம். ரேசரை எதில் வைப்பது?

இங்கேதான் பழக்கப்பட்டவர்களும் சறுக்குகிறார்கள். கடைசி இரவு பெரிய பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். காலையில் முனையத்தில்தான் கையில் வரும். பிளேடும் ரேசரும் அதில் போய்விட்டால் காலையில் மழிக்க ஒன்றும் இருக்காது. கைப்பையில் வைத்துக்கொண்டு மழித்தால், அந்தப் பையோடு அப்படியே விமான நிலையத்துக்கு ஓடுவீர்கள், பிளேடு பறிபோகும்.

மூன்று வழி. முதல் நாள் இரவே மழித்துக்கொண்டு எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போடுவது ஒன்று. கடைசிக் காலைக்கென்று ஒரு தூக்கி எறியும் ரேசர் வைத்துக்கொள்வது இரண்டு. முனையத்தில் பெட்டி கைக்கு வந்ததும், டாக்ஸி பிடிக்கும் முன், அங்கேயே தரையில் வைத்துத் திறந்து ரேசர் பையை அதற்குள் தள்ளுவது மூன்று. மூன்றாவது வழி என்றால் ரேசர் பையைக் கைப்பையின் மேலாக, எடுக்கத் தோதாக வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கு அடியில் இருந்தால் மறந்துபோகும்.

ஏறும் நாளிலும் இதே கதைதான். பெட்டி அறைக்கு வர மாலையாகும். சில நாள் இரவுச் சாப்பாட்டு நேரமே ஆகிவிடும். முதல் இரவு சாப்பாட்டுக்கு மழமழ முகம் வேண்டும் என்றால் ஒரு கார்ட்ரிட்ஜ் ரேசரும் சின்ன டியூப்பும் கைப்பையில் இருக்கட்டும்.